ஒரு அறை கேட்ட உம்மா

போன செவ்வாய்க்கிழமை காலை. கந்தோரைத் திறந்து, மேசைத் தூசியைத் தட்டிவிட்டு, கொம்பியூட்டர் எழும்பட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். பழைய மெஷின். என்னைப் போலத்தான்... எழும்ப நேரம் எடுக்கும்.

“தம்பி, இரிக்கீங்களா?”

வாசலில் ஜெமீலா ராத்தா. கையில் ஒரு சொப்பிங் பேக், அதற்குள் இன்னொரு சொப்பிங் பேக், அதற்குள் பத்திரங்கள். வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் இப்படித்தான். கடதாசியின் பெறுமதி அவர்களுக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது.

“என்ட பேத் சேட்டிபிகட்ட இங்கிலீசுல மாத்தணும் தம்பி. அவுஸ்திரேலியா போகப் போறன்.”

ராத்தாவுக்கு வயது அறுபத்தொன்று. எனக்குச் சிரிப்பு வந்தது.

“என்ன ராத்தா, மேல்படிப்புக்கா?”

அவரும் சிரித்தார். “போங்க தம்பி! மகளுக்குப் புள்ள கிடைக்கப் போகுது. வரச் செல்லுறா. புள்ள பாக்க.”

பிள்ளை பார்க்க! இந்த இரண்டு சொல்லும் என் சிரிப்பை நிறுத்தின. ஏனென்று சொல்கிறேன். சொல்லாமல் விட்டால் இந்த வாரம் எனக்குத் தூக்கம் வராது.

இந்தப் பத்தியை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு என் தொழில் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு — நான் கல்முனையில் ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன். பிறந்தது, கல்யாணம் முடித்தது, பிரிந்தது, மௌத்தானது எல்லாவற்றையும் தமிழில் இருந்து இங்கிலீசுக்கு மாற்றி, அடியில் சீல் குத்திக் கொடுப்பவன். ஒரு காலத்தில் கட்டார், சவூதி என்று வருவார்கள். இப்போது அவுஸ்திரேலியா, கனடா, ருமேனியா... இந்த ஊரில் இருந்து யார் எங்கே போகிறார் என்பது அவர்களின் மாமியாருக்குத் தெரியும் முன்னர் எனக்குத் தெரியும்.

ஜெமீலா ராத்தா பதினாறு வருடம் ரியாத்தில் பிள்ளை பார்த்தவர்.

சுனாமியில் கடல் வந்து வீட்டைக் கொண்டுபோனது. மகள் ரிப்காவுக்கு அப்போது எட்டு வயது. ராத்தாவின் கணவர் அசனார் காக்கா சம்மாந்துறையில் ஒரு அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். நல்ல மனிதர். ஆனால் மூட்டை தூக்கி நம்மூரில் யார் வீடு கட்டியிருக்கிறார்? நம்மூர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்பிள்ளை பிறந்தால் வீடு வேண்டும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிவருவான். வீட்டை மகள் பெயரில் எழுதாமல் இங்கே கல்யாணக் காவின் எழுதுவதில்லை. வீடு இல்லாவிட்டால் கேட்டு வர யாருமில்லை.

ஆகவே ராத்தா போனார்.

போன விதத்தைச் சொல்ல வேண்டும். அயலவர்களிடம் “கொழும்புக்குக் கண் காட்டப் போறன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மாதத்து ஜும்ஆ ஒன்றில் நம்மூர் மௌலவி ஒருவர், மஹ்ரமான ஆண் துணை இல்லாமல் கடல் கடந்து போகும் பெண்களைப் பற்றிக் காரசாரமாகப் பேசியிருந்தார். கேட்டுக்கொண்டிருந்த ஆண்கள் எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான். அந்தப் பள்ளிவாசலுக்கு மாபிள் பதிக்க வந்த பணத்தில் பாதி எந்தப் பெண்களின் கையில் இருந்து வந்தது என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தலையாட்டிய தலைகள் எங்கே திரும்பியிருக்கும்?

கண் காட்டப் போனவர் நான்கு வருடத்துக்குப் பிறகு லீவில் வந்தார். மகள் சாச்சிக்கு, அதாவது ராத்தாவின் தங்கச்சிக்கு, பின்னால் ஒளிந்துகொண்டாளாம். “ஆரோ ஒரு பொம்பிள எண்டு நெனச்சிட்டா தம்பி” என்று அவரே ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். இவருக்கு எதையும் சிரித்துக்கொண்டுதான் சொல்லத் தெரியும், அதுதான் எனக்குக் கோபம்.

வீடு எழும்பியது. அத்திவாரம் ஒரு ஒப்பந்தம், சுவர் ஒரு ஒப்பந்தம், கூரை ஒரு ஒப்பந்தம். ஒவ்வொரு இரண்டு வருடத்துக்கும் ஒரு கட்டம். சுவருக்குப் பூச்சுப் பூசும்போது அசனார் காக்கா வீடியோ எடுத்து அனுப்புவார். ராத்தா அங்கிருந்து “குசினி ஜன்னல் சின்னன், பெரிசாக்குங்க” என்பார். தான் சமைக்கப்போகிற குசினி என்று நினைத்தார் போலும்.

ஒருமுறை கொழும்பில் இருந்து பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் ஒரு சிங்களக் கனவான் இருந்தார். மரியாதையான மனிதர், ஓய்வுபெற்ற அதிகாரி. நம் பக்கத்து வீதியோர மாடி வீடுகளை ஜன்னலால் பார்த்துக்கொண்டு வந்தவர், மெதுவாகக் கேட்டார். “இதெல்லாம் அரபிக் காசுதானே?”

தொலைக்காட்சியில் அப்போது இதே கேள்வியை இரவும் பகலும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த ஊர்களுக்கு எங்கிருந்து பணம் வருகிறது? யார் அனுப்புகிறார்கள்? என்ன நோக்கம்?

“ஓம் ஐயா, அரபிக் காசுதான். அரபி வீட்டுக் கக்கூசு கழுவின காசு” என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் அதற்குப் பிறகு அக்கரைப்பற்று வரை பேசவில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது.

பிறகு டொலர் இல்லாமல் நாடு படுத்தது. பெட்ரோல் வரிசையில் ஆட்கள் விழுந்தார்கள். அப்போது அதே தொலைக்காட்சியில் அந்தப் பெண்களுக்கு வேறு பெயர் வந்தது. நாட்டைத் தாங்கும் வீரர்கள்! வீரர்களே, வங்கி மூலம் அனுப்புங்கள்! இரண்டு வருடத்துக்கு முன் சந்தேகப் பணம், இப்போது தேசபக்திப் பணம். பணம் மாறவில்லை. கழுவின இடமும் மாறவில்லை.

நம்முடைய அரசியல்வாதிகள் மட்டும் சும்மாவா? மேடை ஏறினால் இப்போது பாலம், வாய்க்கால், பாடசாலை ஒன்றும் கிடையாது. இன்ன நாட்டோடு பேசியிருக்கிறோம், இத்தனை பேரை எடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள் என்பதுதான் சாதனை. கூட்டம் கைதட்டுகிறது. பிள்ளைகளைப் பெற்றவர்களே எழுந்து நின்று தட்டுகிறார்கள். தன் மக்களை ஏற்றி அனுப்புவதை ஒரு நாடு வெற்றி என்று கொண்டாடினால், தோல்வி என்றால் என்னவாம்?

இன்னொன்று. ராத்தா ரியாத்தில் இருந்தபோது நடந்த ஒரு தேர்தலில் நம்மூர் வாக்குச்சாவடியில் வாக்களித்திருக்கிறார். அசனார் காக்கா போனபோது சொன்னார்களாம், “உங்கட பொஞ்சாதி காலையிலயே வந்து போட்டுட்டுப் போயிட்டா.” காக்கா வீட்டுக்கு வந்து அறை அறையாகத் தேடினாராம். பகிடிக்குத்தான் தேடினேன் என்று பிறகு சொன்னார். எனக்கு அது பகிடியாகப் படவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். கசப்பான பகுதி இனித்தான். அதில் நானும் வருகிறேன்.

பன்னிரண்டாவது வருடம் ரிப்காவுக்கு மாப்பிள்ளை பேசினார்கள். நல்ல இடம், படித்த பையன், கம்பனியில் உத்தியோகம். வீட்டை மகள் பெயரில் எழுத வேண்டும். காணி ராத்தாவின் பெயரில் இருந்தது. அவரால் வர முடியாது, ஒப்பந்தம் முடியவில்லை. ஆகவே தன் சார்பில் கையெழுத்து வைக்க அசனார் காக்காவுக்கு ரியாத்தில் இருந்து அற்றோணித் தத்துவம் அனுப்பினார். அதை மொழிபெயர்த்தது நான்.

நன்கொடை உறுதிப் பத்திரத்தை எழுதிய நொத்தாரிசு வீரமுனைக்காரர். நிதானமான மனிதர். வரைவில் அவராகவே ஒரு வரி சேர்த்திருந்தார். வீடு மகளுக்கு, ஆனால் தாய்க்கு சீவிய உரித்து. அதாவது, ராத்தா உயிரோடு இருக்கும் வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை அவருக்கு. அவர் கையெழுத்து இல்லாமல் யாரும் அவரை வெளியே எழுப்ப முடியாது. விற்றாலும் அந்த உரிமை விற்றுப் போகாது.

மாப்பிள்ளை வீட்டார் வரைவை வாங்கிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் பெரிய மாமா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“இதென்ன இது? வீடு தாறாங்களா, இல்லாட்டி எங்கட புள்ளைய வாடகைக்கு வைக்கிறாங்களா?”

அவ்வளவுதான். அசனார் காக்கா என் கந்தோருக்கு ஓடி வந்தார். கல்யாணத்துக்குப் பதினொரு நாள் இருந்தது. பந்தல்காரனுக்குச் சொல்லியாயிற்று, மாடு பேசியாயிற்று. “தம்பி, நீங்க ஒருக்கா ஜெமீலாவோட கதைங்க. நான் செல்லிக் கேக்குறாவில்ல. நீங்க படிச்ச ஆள், நீங்க செல்லுங்க.”

நான் படித்த ஆள். பேசினேன்.

ராத்தா குளியலறைக்குள் நின்று குழாயைத் திறந்துவிட்டுத்தான் போன் கதைப்பார், ‘மடம்’ என்று அவர் சொல்லும் எசமானிக்குக் கேட்கக் கூடாதென்று. அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்கு இடையில் அவர் கேட்டது எனக்கு இன்றைக்கும் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது.

“தம்பி, அந்த வரிய எடுக்கத்தான் வேணுமா? நான் முழு வீட்டயும் கேக்கல்லயே. ஒரு அறை... கடசியில வந்து கிடக்க ஒரு அறை. அது பிழையா?”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? பிழையில்லை ராத்தா, விடாதீங்க என்று சொல்லியிருக்க வேண்டும். நொத்தாரிசும் அதைத்தான் என்னிடம் சொல்லியிருந்தார். “வைச்சிருக்கச் சொல்லுங்கோ, பிறகு உதவும்” என்று. நான் சொன்னது வேறு.

“ராத்தா, ஒரே மகள். பெத்த உம்மாவ அவ வெளிய போடுவாளா? இந்த வரி இருந்தா நீங்க மகள நம்பல்ல எண்டு ஆகிரும். ஊர் சிரிக்கும்.”

ஊர் சிரிக்கும்! கண் காட்டப் போவதாகப் பொய் சொல்லிவிட்டுப் போக வைத்த ஊர். அந்த ஊரின் சிரிப்புக்குப் பயந்து நான் ஒரு மனுசியிடம் அவர் கட்டிய வீட்டில் அவருக்கிருந்த அறையைப் பிடுங்கினேன். மிக மரியாதையான தமிழில்.

“சரி தம்பி. நீங்க செல்லுறது சரியாத்தான் இரிக்கும்” என்றார். வரி போனது. கல்யாணம் நடந்தது. குரவைச் சத்தத்தோடு மாப்பிள்ளை வந்து இறங்கினார். நான் முன்வரிசையில் ஒரு சஹன் தட்டைச் சுற்றி ஐந்து பேரோடு இருந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

ராத்தா இன்னும் நான்கு வருடம் அங்கே இருந்தார். மருமகனுக்கு மேல்மாடி தேவைப்பட்டது. கொரோனாவில் விமான நிலையம் மூடியிருந்த காலத்தில் அசனார் காக்கா மௌத்தானார். ஜனாஸாவுக்கும் ராத்தாவால் வர முடியவில்லை. பிறகு முழங்கால் இரண்டும் போய், மடம் இனி வேண்டாம் என்று அனுப்பியபோதுதான் வந்தார். பெரிய ஜன்னல் வைத்த குசினிக்குப் பக்கத்தில், சாமான் போட்டு வைத்திருந்த அறையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். “காத்து நல்லா வருது தம்பி” என்றார். சிரித்துக்கொண்டுதான்.

இரண்டு வருடம். பிறகு மருமகனின் கம்பனி மூடியது. எல்லோரும் போகிற மாதிரி அவரும் போகத் தீர்மானித்தார். அவுஸ்திரேலியாவில் படிப்பு, கூட மனைவிக்கும் விசா. அதற்கு வீடு விற்கப்பட்டது. கட்டாரில் இருக்கும் யாரோ ஒருவர், தன் மகளுக்கு என்று வாங்கினார்.

விற்பனை உறுதியை இங்கிலீசில் மாற்ற என்னிடம்தான் வந்தார்கள். நான் ரிப்காவிடம் கேட்டேன். “உம்மா எங்க மகள்?”

“உம்மா சம்மாந்துறையில, சாச்சிட வீட்ட. நாங்க உம்மாட்டக் கேட்டுத்தான் வித்தம் சாச்சா. எனக்கு என்னத்துக்கு வீடு, நீங்க நல்லா இரிந்தாப் போதும் எண்டு உம்மாதான் செல்லிச்சி.”

அவள் பொய் சொல்லவில்லை. ராத்தா அப்படித்தான் சொல்லியிருப்பார். ரிப்கா கெட்ட பிள்ளையும் இல்லை. எட்டு வயதில் இருந்து மாதாமாதம் வந்த பணத்தையும் பெட்டியில் வந்த பொம்மையையும் உம்மா என்று நம்பி வளர்ந்தவள். உம்மாவுக்கு ஒரு இடம் வேண்டும் என்று அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? நானா? நான் உறுதியை மொழிபெயர்த்தேன். கூலியும் வாங்கினேன். சீல் குத்தினேன்.

அவர்கள் புறப்பட்ட வாரம் மாப்பிள்ளை வீட்டாரிடத்தில் துஆப் பிரார்த்தனை, பிரியாணி. பேஸ்புக் முழுக்க வாழ்த்து. நம் மண்ணின் மைந்தன், ஊருக்குப் பெருமை! அந்தக் காலத்தில் மஹ்ரம் பற்றிப் பேசிய அதே மௌலவி வந்து, கையேந்தி, உருக்கமாக துஆக் கேட்டார். போகிற தூரம் கூடினால் மரியாதையும் கூடும் என்று அன்று தெரிந்துகொண்டேன். உம்மா போனது அவமானம். மகள் போவது அந்தஸ்து. முதலாவது நடக்காமல் இரண்டாவது நடந்திருக்குமா என்று பிரியாணி தின்ற யாருக்கும் தோன்றவில்லை.

ராத்தா இப்போது தங்கச்சி வீட்டு மண்டபத்தில் பாய் போட்டுப் படுக்கிறார். அதுவும் தங்கச்சியின் வீடில்லை. அதைத் தங்கச்சி தன் மகளுக்கு எழுதிக் கொடுத்து வெகு நாளாகிறது. அங்குள்ள மருமகன் வேலை முடிந்து வரும்போது ராத்தா எழும்பிப் பின்பக்கம் போய்விடுவாராம். சங்கடம். இந்தக் கடற்கரை முழுவதும் வீடுகள் பெண்களின் பெயரில்தான் இருக்கின்றன என்று கொழும்பில் இருந்து வரும் ஆராய்ச்சிக்காரர்கள் மெச்சுவார்கள். எந்தப் பெண், எத்தனை வயது வரை என்று அவர்கள் கேட்பதில்லை.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

பிறப்புச் சான்றிதழை முடித்தேன். விசா விண்ணப்பத்தையும் நிரப்பித் தரச் சொன்னார். கொம்பியூட்டரில் ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொன்னேன், அவர் பதில் சொன்னார். பெயர். வயது. கணவர் உயிரோடு இருக்கிறாரா. முன்பு எந்த நாட்டில் இருந்தீர்கள்.

“ராத்தா, நீங்க கட்டாயம் போகத்தான் வேணுமா? முழங்கால் ஏலாம இரிக்கீங்க” என்றேன் நடுவில்.

“போனா ஒரு அறை தருவாங்களாம் தம்பி. தொட்டில் வைக்கிற அறையிலதானாம், ஆனா கட்டில் இரிக்காம்” என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பதினாறு வருடம் செய்த அதே வேலை, இந்த முறை சம்பளமில்லாமல், மகள் வீட்டில். அதற்குத்தான் அந்த வெளிச்சம். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ராத்தாவின் போனுக்கு மகளிடம் இருந்து வொய்ஸ் மெசேஜ் வந்தது. ராத்தாவுக்கு எதையும் மெல்லக் கேட்கத் தெரியாது. சத்தமாகவே போட்டார்.

“உம்மா, சாச்சாட்டச் செல்லுங்க. நீங்க விசா முடிஞ்சா ஊருக்குத் திரும்பி வருவீங்க எண்டதுக்கு ஆதாரம் கேப்பாங்களாம். உங்கட பேருல வீடு, காணி உறுதி ஏதும் இரிந்தா அதையும் மறக்காமப் போடச் செல்லுங்க. அது இல்லாட்டி விசா கஷ்டமாம்.”

மெசேஜ் முடிந்தது. அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. யாரோ கொடுத்த பட்டியலை வாசித்திருக்கிறாள், அவ்வளவுதான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ராத்தா என்னைப் பார்த்தார். “நான் கட்டின வீடுதானே தம்பி. அத எழுத ஏலாதா?”

“ஏலாது ராத்தா. இப்ப அது வேற ஆக்கள்ட பேருல.”

அவர் இந்த முறை சிரிக்கவில்லை.

“அண்டைக்கி வீடில்லை எண்டு போனன், ஒருத்தரும் தடுக்கல்ல. இண்டைக்கி வீடில்லை எண்டா போக ஏலாதா?”

திரையில் அடுத்த கேள்வி காத்திருந்தது — உங்கள் நாட்டில் உங்களுக்குச் சொந்தமாக வீடு இருக்கிறதா?

‘இல்லை’ என்று அழுத்தியது என் விரல்தான்.